திருத்தக் கூடாது

ஜன்னல் சீட்டா? வேணாம் சார், நீங்களே உக்காருங்க. நான் எப்பவும் இந்தப் பக்கம்தான். காத்து வேணும்னா அந்த ஷட்டரைத் தூக்கி விட்டுக்கங்க. நிக்காது அது, கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இருங்க, இந்தப் பேப்பரை நாலா மடிச்சு அந்த இடுக்குல சொருகுங்க. இன்னும் கொஞ்சம் உள்ள. ஆங், இப்ப நிக்கும் பாருங்க. ஒரு சாமானையாவது சரியா வச்சிருக்காய்ங்களா இந்த பஸ்ஸுல?

தூத்துக்குடிதானே நீங்களும்? நல்லதாப் போச்சு, கடைசி வரைக்கும் பேச்சுத்துணை. கண்டக்டர் என்னைப் பாத்து சிரிச்சுட்டுப் போறாரு, கவனிச்சீங்களா? "என்ன சார், இந்த வாரமுமா?"ங்கறாரு. டிக்கெட் குடுக்கறதோட அவரு வேலை முடிஞ்சுது. எவன் எந்த வாரம் வந்தா அவருக்கு என்ன.

நான் போறது ஒரு சாமானைத் திருப்பி வாங்க. ஜாய்ஸ்டிக் சார். கம்ப்யூட்டர்ல விமானச் சண்டை விளையாட்டு இருக்குல்ல, அதை ஓட்டற குச்சி. சிரிக்காதீங்க. அம்பத்து நாலு வயசுல என்ன விளையாட்டுன்னுதானே நினைக்கிறீங்க? என் வீட்டம்மாவும் இதையேதான் கேக்குறா. உக்காந்து ஒழுங்காப் பண்ணா அது விளையாட்டு இல்ல சார். நேரம் இருக்கு, முறை இருக்கு, தலைவன் இருக்கான். எல்லாத்துக்கும் மேல அளவு இருக்கு. அளவுதான் என் பொழைப்பே.

மதுரைக்குப் பக்கத்துல, கப்பலூர்ல ஒரு கேலிப்ரேஷன் லேப்ல இருக்கேன். இருபத்தொம்பது வருஷம். பாய்லர்ல பிரஷர் காட்டற முள்ளு இருக்குல்ல, அது சரியாக் காட்டுதா, தராசு சரியா நிறுக்குதா, சூடு காட்டறது சரியாச் சொல்லுதா, இதெல்லாம் பாத்து, தப்பா இருந்தா திருத்தி, ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பறது என் வேலை. "சரிபார்க்கப்பட்டது, திருத்தக் கூடாது"ன்னு போட்டு, தேதி போட்டு, கீழ தெய்வேந்திரன்னு என் கையெழுத்து. அந்த ஸ்டிக்கரை ஒட்டிட்டா கம்பெனி முதலாளியே வந்தாலும் அந்த ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. இருபத்தொம்பது வருஷத்துல நான் ஒட்டி அனுப்பின ஒரு கருவி தப்புன்னு திரும்பி வந்ததில்ல சார். ஒண்ணு கூட. இதை நான் பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், அதனால என்ன?

வீட்டுலயும் அப்படித்தான். ஃபேன் மூணுல ஓடணும். ரெகுலேட்டர்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கேன். என் மக காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன அன்னைக்கு, பொட்டியைத் தூக்கறதுக்கு முந்தி, அவ ரூம் ஸ்டிக்கரை நகத்தால சுரண்டி எடுத்துட்டு, ஃபேனை அஞ்சுல வச்சிட்டுப் போனா. ஆளில்லாத ரூம்ல அஞ்சுல ஓடுது. பிள்ளைங்களுக்கு எதோட அருமையும் தெரியறதில்ல.

விஷயத்துக்கு வர்றேன். அந்தக் குச்சி இருக்கே, அதைக் கொஞ்சம் அசைச்சா விமானம் எவ்வளவு அசையணும்னு நாமதான் செட் பண்ணணும். இதுதான் சூட்சுமம். அப்படியே விட்டா, லேசா விரல் பட்டாலே மூக்கு இங்கிட்டும் அங்கிட்டும் துள்ளும். முன்னாடி போற எதிரியை எப்படிக் குறி வைக்கிறது? அதனால நடுப்பகுதியைக் கொஞ்சம் மந்தமாக்கணும். நடுவுல மெதுவா, ஓரத்துக்குப் போகப் போக வேகமா. அதை ஒரு வளைவாப் போட்டுக் காட்டும் திரையில. அந்த வளைவு எவ்வளவு வளையணும்னு கண்டுபிடிக்கறதுக்கு எனக்கு எட்டு மாசம் ஆச்சு. ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், நூத்தி முப்பது சோதனை. ஒவ்வொண்ணுக்கும் தேதி.

நாங்க ஒரு அணி வச்சிருந்தோம். வல்லூறு அணின்னு பேரு, நான்தான் வச்சேன். பழைய உலகப் போர்க் காலத்து விமானம், மூக்குல காத்தாடி சுத்துமே, அது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அஞ்சு பேரும் அவங்கவங்க ஊர்ல இருந்து காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஏறிருவோம். சேலத்துல ஒருத்தர், ஓசூர்ல ஒருத்தர், மேலப்பாளையத்துல ஷமீமா மேடம், அவங்க காலேஜ்ல ஃபிசிக்ஸ் எடுக்கறாங்க. அப்புறம் இந்த கிளாட்வின். நான் கேப்டன். அணிக்குச் சட்டம் ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் என் செட்டிங்ஸ்தான் போடணும். நான் ஃபைலா அனுப்புவேன், அதைத் தூக்கி விளையாட்டுக்குள்ள போட்டுக்கணும், அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு அளவு வச்சிருந்தா அது அணியா, சந்தைக்கடையா?

ஷமீமா மேடம் ஒரு தடவை கேட்டாங்க. "சார், ஒவ்வொருத்தர் கை ஒவ்வொரு மாதிரி இருக்குமே, அதுக்கேத்த மாதிரி மாத்திக்கிட்டா என்ன?"ன்னு. படிச்சவங்க, இப்படிக் கேக்கறாங்க. கிலோன்னா மதுரையிலயும் கிலோதான், மேலப்பாளையத்துலயும் கிலோதான் மேடம்னு சொன்னேன்.

கிளாட்வினைச் சொல்றேன். தூத்துக்குடி துறைமுகத்துல கிரேன் ஓட்டறான். கப்பல்ல இருந்து அந்தப் பெரிய பெரிய இரும்புப் பெட்டியைத் தூக்கி லாரியில வைக்கிறது. முப்பத்தாறு, முப்பத்தேழு வயசு இருக்கும். உயரத்துல ஒரு கண்ணாடிக் கூண்டு, அதுல எட்டு மணி நேரம் உக்காந்திருப்பானாம், ரெண்டு கையிலயும் ரெண்டு குச்சி. நம்ம அணிக்கு வந்தப்ப ஏதோ ஓட்டைக் குச்சி வச்சிருந்தான், பழைய சாமான் கடையில வாங்கினது, ஒரு பட்டன் கூட வேலை செய்யாது. அதை வச்சுக்கிட்டு, செட்டிங்ஸ் ஒண்ணும் போடாம, முதல் ஞாயித்துக்கிழமையே ஆறு பேரைச் சுட்டு இறக்கிட்டான். குருட்டு அதிர்ஷ்டம் சார். அப்படி நடக்கும் சில பேருக்கு.

ஆனா பையன் தங்கம். அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். வாய்க்கு வாய் அண்ணே, அண்ணேன்னு. கருவாடு கட்டி பஸ்ஸுல போட்டு விடுவான், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நான் வாங்கிக்குவேன். "ஒரு தடவை வாங்கண்ணே, கிரேனைக் கீழ நின்னு பாருங்க, பிடிச்சுப் போயிரும் பாத்துக்கிடுங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். எனக்கு எங்க நேரம்? ஒரு நாள் அவனாவே சொன்னான். அந்தப் பெட்டி கயித்துல தொங்கும்போது ஊஞ்சல் மாதிரி ஆடுமாம். ஆட்டத்தை நிறுத்தணும்னு எதிர்ப்பக்கம் இழுத்தா இன்னும் ஆடுமாம். "அது போற பக்கமே கொஞ்சம் கூடப் போவணும்ணே. போய்ச் சேந்துகிட்டா தானா நின்னுரும்"ன்னான். நான் கண்டுக்கல. அவன் வேலை வேற, நம்ம வேலை வேற. அதுக்கப்புறம் நான் எதிரியைத் துரத்தறதுல ஒரு புது முறை கண்டுபிடிச்சேன். அவன் வளையற பக்கமே கொஞ்சம் கூடப் போய் சேந்துக்கறது. அந்த மாசம் மட்டும் பதினோரு பேரை இறக்கினேன் சார். எல்லாம் நோட்டுல இருக்கு.

அருப்புக்கோட்டை வந்துருச்சு. டீ சாப்பிடறீங்களா? நானும் இறங்கல. ஏறினா உக்காந்துருவேன், அவ்வளவுதான்.

எங்க விட்டேன்? குச்சி. அந்த ஓட்டைக் குச்சியோட போட்டிக்குப் போக முடியாதுல்ல. ஆறு வாரப் போட்டி, பதினாறு அணி. அதனால நான் என் செலவுல ஒரு புதுக் குச்சி வாங்கி, என் வீட்டு மேசையில வச்சு, ரெண்டு நாள் உக்காந்து அவனுக்காகவே அளவு பண்ணேன். புதுசுல ஒரு வசதி, செட்டிங்ஸைக் குச்சிக்குள்ளயே பதிஞ்சு வைக்கலாம். என்கிட்ட இருக்கறது பழசு, அதுல அது கிடையாது. என் நூத்தி முப்பது சோதனையோட பலனை அதுக்குள்ள பதிஞ்சு, அடியில என் ஸ்டிக்கரை ஒட்டினேன். சரிபார்க்கப்பட்டது, திருத்தக் கூடாது, தேதி, கையெழுத்து. அவன் வாங்கிப் பாத்துட்டு போன்ல அழுதுட்டான். "எங்க அப்பா கூட எனக்கு இப்படி ஒண்ணு செஞ்சதில்லண்ணே"ன்னான். அந்த நன்றி எத்தனை நாளைக்கு? அதைத்தான் நான் கேக்குறேன்.

போட்டி ஆரம்பிச்சுது. முத வாரத்துல இருந்தே சரியில்ல. ஆறு பேரை இறக்கினவன் ஒருத்தனைக்கூட இறக்கல. எதிரி முன்னாடி போறான், இவன் பின்னாடி போறான், குறிக்குள்ள வரப் போகுதுன்னு நினைக்கும்போது சட்டுனு தாண்டிப் போயிருவான். மறுபடி திரும்புவான், மறுபடி தாண்டிருவான். "அண்ணே, நடுவுல கொஞ்சம் மந்தமா இருக்கு. அப்புறம் திடீர்னு பாயுது பாத்துக்கிடுங்க. நான் எதுவும் மாத்தலாமாண்ணே?"ன்னு கேட்டான். எல்லார் காதுலயும் விழுகிற மாதிரி கேட்டான். எனக்கு எப்படி இருக்கும்? மந்தம் குச்சியில இல்லடா, உன் கையிலன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சேந்துதான் சிரிச்சான்.

அதோட விட்டானா? விட்டுட்டான். அதுதான் சார், அவன் அப்புறம் கேக்கவே இல்ல. அவன் பொண்டாட்டி ஜெனிட்டா பின்னாடி ஒரு நாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், டூட்டி முடிஞ்சு வந்து தினம் ரெண்டு மணி நேரம் பழகுவானாம். குச்சியைத் துடைக்கும்போது கூட அந்த ஸ்டிக்கர் நனையாமத் துடைப்பானாம். ஒருத்தன் இவ்வளவு பழகியும் வரலைன்னா நீங்க என்ன நினைப்பீங்க? கைதான் சரியில்லன்னு நினைப்பீங்க. நானும் அதைத்தான் நினைச்சேன். ஒவ்வொரு வாரமும் சொன்னேன். சொன்னாத்தானே சார் திருந்துவான்?

இதுக்கு நடுவுலயும் இறுதிச் சுத்துக்கு வந்துட்டோம். நானும் ஷமீமா மேடமும் இழுத்துட்டு வந்தோம். இருநூறு பேர் நேரலையில பாக்குறாங்க. கிளாட்வின் எனக்கு துணை விமானம். என் வலது பக்கம் கொஞ்சம் பின்னாடி வரணும், என் முதுகைப் பாத்துக்கறது அவன் பொறுப்பு. எல்லாரும் அவனை மாத்தச் சொன்னாங்க, நான்தான் வச்சேன். ஏன்னு கேட்டா... தெரியல. அவன் பக்கத்துல வர்றது எனக்குப் பழகிருச்சு.

மூணாவது நிமிஷம் என் பின்னாடி ஒருத்தன் வர்றான். கிளாட்வின் பாத்துட்டான். "அண்ணே, நான் இருக்கேன்"ன்னான். லேசா என் பக்கம் திரும்பினாப் போதும். திரும்பினான். விமானம் அசையல. இன்னும் கொஞ்சம் திருப்பினான், அசையல. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், பாஞ்சு வந்து என் இறக்கையை வெட்டிட்டுப் போயிட்டான். ரெண்டு பேரும் சுத்திச் சுத்திக் கடல்ல விழுந்தோம். எதிரி ஒரு குண்டுகூடச் செலவு பண்ணல. இருநூறு பேர் சார்.

அப்ப நான் ஒண்ணு சொன்னேன். கோபத்துல, விளையாட்டாத்தான். "இந்தக் கையை வச்சுக்கிட்டுத்தான் ஊர்ல ஆளுங்க தலைக்கு மேல பெட்டி தூக்கறியா? கீழ நிக்கிறவன் கதி என்னடா ஆகறது?"

அப்புறம் அவன், "சரிண்ணே"ன்னான். காதுல இருந்து கழட்டி வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அன்னைக்கோட சரி, அணிக்கு வரல. ஒரு வார்த்தை! நான் பேசினது ஒரே ஒரு வார்த்தை. வீட்டுல அண்ணன் தம்பி பேசிக்கிறதில்லையா? அதுக்கு இப்படி முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனா? எனக்கும் ஆத்திரம்தான். "குச்சியைத் திருப்பிக் குடுத்துரு"ன்னு மெசேஜ் போட்டேன். "கொரியர்ல அனுப்பட்டுமாண்ணே?"ன்னு உடனே பதில் வருது. வேணாம், உடைஞ்சுரும், நானே வந்து வாங்கிக்கறேன்னுட்டேன்.

எட்டயபுரம் தாண்டிட்டோமா? இன்னைக்கு சீக்கிரமாத்தான் போறான் டிரைவர்.

இல்ல சார், அந்த மெசேஜ் போட்ட வாரமே போகல. போயிருக்கணும். அதுக்குள்ள ஷமீமா மேடம் ஒரு வேலை பாத்தாங்க. தோத்ததுக்குக் காரணம் எழுதறேன், எல்லாரோட செட்டிங்ஸும் வேணும்னாங்க. கிளாட்வின்கிட்ட கேட்டு, அவன் குச்சிக்குள்ள என்ன பதிஞ்சிருக்குன்னு திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க. அவனுக்கு அது என்னன்னு புரியல, எடுத்து அனுப்பிட்டான். மறுநாள் எனக்கு போன். "சார், இவருக்கு ரெண்டு தடவை விழுந்திருக்கே"ன்னாங்க.

என்ன ரெண்டு தடவைன்னு கேட்டேன். கேக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுருச்சு சார். குச்சிக்குள்ள நான் ஒரு வளைவு பதிஞ்சேன்ல. அப்புறம் போட்டிக்கு முந்தி எல்லாருக்கும் அனுப்பற மாதிரி அவனுக்கும் ஃபைல் அனுப்பிட்டேன். அதுலயும் அதே வளைவு. மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணு, அவனுக்கு மட்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு. உப்புப் போட்ட குழம்புல மறந்து போய் இன்னொரு தடவை உப்புப் போட்ட மாதிரி. நடுவுல கல்லு, ஓரத்துல பேய். அப்படி ஒரு குச்சியை வச்சுக்கிட்டு என்னால வட்டமே போட முடியாது. நான் போட்டுப் பாத்தேன், அவங்க சொன்ன அன்னைக்கே, ரெண்டு வளைவையும் ஒண்ணா சேத்துப் போட்டு. அஞ்சு நிமிஷம் நேராப் பறக்க முடியல. அவன் அதுல ஆறு வாரம் சண்டை போட்டிருக்கான்.

சரி, தப்பு நடக்கும். யாருக்கும் நடக்கும். ஆனா அவனுக்கும் ஒரு பொறுப்பு இருக்கா இல்லையா? மந்தமா இருக்குன்னு தெரியுதுல்ல, நீயே உள்ள போய்ப் பாத்து மாத்த வேண்டியதுதானே? ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சாம், அதனால தொடலையாம். ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு மரியாதை குடுப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? என் மகளே குடுக்கல.

மேடம் கேட்டாங்க, "நான் அவர்கிட்ட சொல்லிடட்டுமா சார்?"ன்னு. வேணாம், நானே சொல்லிக்கறேன், அதுதான் முறைன்னேன். பத்து நாள் கழிச்சு "சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. ஆச்சுன்னுட்டேன். அப்ப அப்படிச் சொல்லிட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் ஜெனிட்டா போன் பண்ணுச்சு. நான் லேப்ல இருந்தேன், கையில ஒரு பிரஷர் கேஜ். "அண்ணே, நல்லா இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும்ணே. அவுக கிரேன்ல ஏற மாட்டேங்காவ"ன்னுச்சு. "என்னம்மா சொல்றே?"ன்னேன். "ஒரு நாள் மேல ஏறிட்டு, குச்சியில கையை வைக்காம அப்படியே உக்காந்திருந்தாவளாம். கீழ லாரி நிக்கி, ஆளுக நிக்கி. அப்புறம் இறங்கி வந்து, என் கை சரியில்ல, யாரு மேலயும் போட்டுருவேன்னு சொல்லிட்டாவ. பதினாலு வருசத்துல ஒரு பெட்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லண்ணே. இப்ப கீழ நின்னு லாரிக்குக் கொடி காட்டுதாவ. வீட்டுல சாப்பிடும்போது கூடத் தன் கையையே பாத்துக்கிட்டிருக்காவ. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாரு. நம்ப மாட்டேங்காவ. அண்ணன் சொன்னா அளந்துதான் சொல்லும்ங்காவ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஏறிருவாவண்ணே."

நான் என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? நேர்ல வர்றேம்மான்னேன். போன்ல சொல்ற விஷயமா இது? நேர்ல போய், உக்காந்து, பக்குவமாச் சொல்லணும். அதுக்காகத்தானே வேலை வெட்டியை விட்டுட்டு இந்த பஸ்ஸுல கிடக்கேன்.

என்ன, இன்னொரு தடவை சொல்லுங்க? ஆமா, இதுக்கு முந்தியும் வந்தேன். மூணு வாரமா வர்றேன். அந்தக் கண்டக்டர் சொல்லியிருப்பாரே உங்ககிட்ட. வந்தேன், புது பஸ் ஸ்டாண்டுல இறங்கினேன், டீ குடிச்சேன். ஒரு தடவை ஆட்டோ கூடப் பேசினேன். அப்புறம் இந்த பஸ்ஸே மதுரைக்குக் கிளம்புச்சு, ஏறிட்டேன். மத்த ரெண்டு தடவையும் இறங்கவே இல்ல. நீங்க அப்படிப் பாக்காதீங்க சார். உங்களுக்கு லேசாத் தெரியுது. போ, "என் தப்பு"ன்னு சொல்லு, வா. ரெண்டு வார்த்தை. நீங்க என்னைக்காவது ஒரு ஸ்டிக்கர் தப்பா ஒட்டிப் பாத்திருக்கீங்களா? ஒண்ணு தப்புன்னு ஆயிட்டா, மத்ததெல்லாம் என்னன்னு கேப்பானே. இருபத்தொம்பது வருஷத்துல எத்தனை பாய்லர், எத்தனை தராசு. ராத்திரி படுத்தா ஒவ்வொண்ணா வந்து நிக்குது. எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?

தெரியும் சார், அவன் ஏறலைங்கறது தெரியும். அதை நீங்க சொல்ல வேணாம்.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாதுன்னுதான் முன்கூட்டியே சொல்லிட்டு வந்தேன். "பன்னண்டு மணி வாக்குல வீட்டுக்கு வர்றேன், குச்சியை எடுத்து வை"ன்னு நேத்தே மெசேஜ் போட்டுட்டேன். எனக்கே ஒரு கட்டாயம் இருக்கட்டும்னு. குச்சியை வாங்கறேன், அடியைத் திருப்பறேன், அந்த ஸ்டிக்கரை அவன் கண்ணு முன்னாடி கிழிக்கிறேன். வாயால சொல்லக்கூட வேணாம், அவனே புரிஞ்சுக்குவான். இப்படித்தான் நினைச்சு வச்சிருக்கேன். நல்லா இருக்குல்ல? நேத்து பூரா இதைத்தான் யோசிச்சேன்.

குறுக்குச்சாலை போயிருச்சா? அதுக்குள்ளயா?

சார், வீடு பஸ் ஸ்டாண்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். நீங்க எந்தப் பக்கம் போறீங்க? சும்மாதான் கேட்டேன். சேந்து போனா... வேணாம், உங்களுக்கு வேலை இருக்கும்.

வந்துருச்சு. கூட்டத்தைப் பாருங்க, இறங்க விடாம ஏறுறாய்ங்க. நீங்க பையை எடுத்துக்கங்க, நான் மெதுவா... இருங்க சார். எந்திரிக்காதீங்க, ஒரு நிமிஷம் அப்படியே இருங்க. அந்தத் தூண்கிட்ட பாருங்க. பச்சைக் கலர்ல மினுங்கற மேல்சட்டை போட்டுக்கிட்டு. டூட்டியில இருந்து நேரா வந்திருக்கான். வீட்டுக்கு வர்றேன்னுதானே சொன்னேன்? இவனை யாரு பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னா? வெயில்ல எனக்கு அலைச்சலாம், அதனால வந்திருப்பான். அப்படித்தான் அவன். நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கான் பாருங்க, குச்சி வந்த அதே அட்டைப் பெட்டி. பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கான். கீழ போட்டுருவோம்னு பயம் போல.

நம்ம பஸ்ஸைத்தான் பாக்கறான். சார், இந்தப் பக்கம் கொஞ்சம் நகருங்க. இன்னும் கொஞ்சம்.

ஒரு உதவி பண்றீங்களா? இறங்கிப் போய் அவன்கிட்ட, மதுரை சார் இன்னைக்கு வரலைன்னு சொல்லுங்க. உடம்புக்கு முடியலைன்னு. அப்படியே, கை... உன் கை நல்லாத்தான் இருக்குன்னு... வேணாம். வேணாம் சார், அதைச் சொல்லாதீங்க. யாரு நீங்கன்னு கேப்பான். அது நான் சொல்ல வேண்டியது, நான்தான் அளந்தவன். அடுத்த வாரம் வந்து நானே சொல்லிக்கறேன். அவன் எங்க போயிரப் போறான்? கொடிதானே காட்டிக்கிட்டிருக்கான்.

கண்டக்டர், மதுரை ஒண்ணு. அட, ஆமாய்யா, நான்தான்.

நீங்க கிளம்புங்க சார். போறதுக்கு முந்தி அந்தப் பேப்பரை மட்டும் உருவி விட்டுட்டுப் போங்க. ஷட்டர் தானா இறங்கிரும்.